மாஸ்க்கை மாற்றும் முன் மூக்கைப் பாருங்கள்: நேசல் மாஸ்க், பில்லோ, ஃபுல் ஃபேஸ் – ஓர் ஒப்பீடு

ஸ்லீப் ஸ்டடி என்கிற தூக்கப் பரிசோதனை முடிந்து, ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு தடைபடுகிற நோய்) என்று உறுதியாகி, மாஸ்க் வழியாக அழுத்தக் காற்று தரும் சிபேப் மெஷினும் வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான குழப்பம் ஆரம்பிக்கிறது. மெஷினைப் பற்றி என்னிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் மாஸ்க்கைப் பற்றித்தான். அதில் மூன்று வகை: மூக்கை மட்டும் மூடுவது நேசல் மாஸ்க், மூக்குத் துவாரத்தில் உட்காருவது பில்லோ, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது ஃபுல் ஃபேஸ். “நேசல் மாஸ்க் போட்டு நாலு நாள் ஆச்சுங்க, மூச்சு முட்டுது. ஃபுல் ஃபேஸுக்கு மாறிடலாமா?” “மூக்குத் துவாரத்துல வைக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு இருக்காமே, அது தேவலையா?”

ஆறு வருடமாகத் தினமும் மாஸ்க் போட்டுத் தூங்குகிறேன். என் அக்காவுக்கும், எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வாரை இழுத்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். எவ்வளவு அழுத்தம், என்ன சிகிச்சை என்பதையெல்லாம் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மாஸ்க் எது என்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு. ராத்திரி முழுக்க அது இருக்கப் போவது உங்கள் முகத்தில்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூக்கு ஓரளவு திறந்திருக்கிற யாரும் நேசல் மாஸ்க்கில் ஆரம்பிப்பதுதான் நல்லது. அதில் வருகிற தொந்தரவுகள், நான் பார்த்தவரை, பெரும்பாலும் மூக்கிலிருந்து வருகின்றன. மூக்கைச் சரிசெய்யாமல் மாஸ்க்கை மட்டும் மாற்றினால் பணம் போகும், தொந்தரவு அப்படியே இருக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது?

மூக்கு. ஒரு துவாரத்தை விரலால் மூடி மற்றதால் பத்து மூச்சு விட்டுப் பாருங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். உட்கார்ந்து பார்த்தால் மட்டும் போதாது. படுத்தால் மூக்கின் உள்சவ்வில் ரத்தம் கூடி அடைப்பு அதிகமாகும். அதனால் படுத்து, வாயை மூடிக்கொண்டு, பத்து நிமிடம் சிரமமில்லாமல் மூச்சு விட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நேசல் மாஸ்க்குக்கு உங்கள் மூக்கு தயார். முடியவில்லை என்றால் மாஸ்க் கடைக்கு முன்பு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள்.

வாய். “நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவன், எனக்கு நேசல் சரிப்படாது” என்று பலர் தாங்களே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அப்னியா உள்ளவருக்குத் தொண்டை அடைபடும்போது, காற்றுக்காக வாய் தானாகவே திறக்கும். மூக்கு வழியாக அழுத்தக் காற்று போய்த் தொண்டை திறந்தே இருக்கும்போது, வாய் திறக்க வேண்டிய அவசியமே பலருக்கு இல்லாமல் போகிறது. இன்றைக்கு வாய் திறந்து தூங்குகிறீர்கள் என்பதை வைத்து, மாஸ்க் போட்ட பிறகும் அப்படித்தான் தூங்குவீர்கள் என்று சொல்ல முடியாது. போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அழுத்தம். வீட்டு சிபேப் மெஷின்கள் 4 முதல் 20 வரை அழுத்தம் தரும். சென்டிமீட்டர் நீர் அளவில் சொல்கிற கணக்கு இது. உங்கள் அளவு 7, 8 என்றால் மூன்று வகையும் தாங்கும். 12, 13-ஐத் தாண்டினால் பில்லோ பலருக்கு உறுத்த ஆரம்பிக்கும்.

முகம். மீசை, தாடி, மூக்குத்தி, கொண்டை, தலைக்கு வைக்கிற எண்ணெய். மாஸ்க் டப்பாவோடு வருகிற கையேட்டில் மூக்குத்தியைப் பற்றி ஒரு வரி இருக்காது. நம் வீடுகளில் அதுதான் பெரிய கேள்வி.

படுக்கும் விதம். மல்லாந்தா, ஒருக்களித்தா, குப்புறவா? கட்டிலிலா, பாயிலா?

மூடிய உணர்வு. முகத்தை எதுவோ மூடுகிறது என்றாலே படபடப்பு வருகிறதா?

பணம். மாஸ்க் விலை மட்டும் இல்லை. அதன் குஷன், அதாவது முகத்தில் படுகிற சிலிகான் பகுதி, தனியாக உங்கள் ஊரில் கிடைக்குமா என்பதும் இதில் சேரும்.

## நேசல் மாஸ்க்

1980-இல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை முதன்முதலாகச் செய்து பார்த்தபோது, காற்று மூக்கு வழியாகத்தான் போனது. ஆரம்ப கால நோயாளிகளுக்கு அவரவர் மூக்குக்கு அச்சு எடுத்து மாஸ்க் செய்தார்கள். அதை ராத்திரி சிலிகான் பசை தடவி முகத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தார்கள். இன்றைக்கு மெத்தென்ற சிலிகான் குஷனும் வாரை மாட்டும் காந்தக் கிளிப்பும் வந்துவிட்டன. அடிப்படை மட்டும் மாறவில்லை. மூக்கு வழியாகப் போகிற காற்று உள்நாக்குப் பக்கத்து மெல்லிய அண்ணத்தையும் நாக்கையும் முன்னால் தள்ளி, தொண்டை வழியைத் திறந்து வைக்கிறது.

இதில் இரண்டு வடிவம் உண்டு. மூக்கு முழுவதையும் குமிழ் மாதிரி மூடுவது ஒன்று. ரெஸ்மெட்டின் ஏர்ஃபிட் என்20, ஃபிஷர் அண்ட் பைக்கலின் ஈசன் எல்லாம் இந்த வகை. மூக்குக்குக் கீழே தொட்டில் போல ஏந்திக்கொள்வது இன்னொன்று. பிலிப்ஸின் ட்ரீம்வேர், ஏர்ஃபிட் என்30 போன்றவை. மூக்குத் தண்டில் தழும்பு விழுகிறது, கண்ணாடி போட்டுப் படிக்க முடியவில்லை என்பவர்களுக்குத் தொட்டில் வகை நல்லது. அழுத்தம் அதிகமென்றால் குமிழ் வகைதான் உறுதியாக உட்காரும்.

எப்படிப் போடுவது. பலர் செய்யும் தவறு, கண்ணாடி முன் நின்றுகொண்டு இறுக்குவது. நிற்கும்போது இருக்கும் முகம் வேறு, படுத்தால் கன்னமும் தாடையும் சரிந்து வரும் முகம் வேறு. படுத்துக்கொள்ளுங்கள். மெஷினை ஆன் செய்யுங்கள். கீழ் வார்களையும் மேல் வார்களையும் சரிசெய்யுங்கள். கன்னத்துக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். காற்று போய்க்கொண்டிருக்கும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அகலம் தூக்கி, மெதுவாக விடுங்கள். குஷனின் மெல்லிய உள்மடல் காற்றில் உப்பித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். லீக் ஆகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் அந்த மடல் மடங்கிப் போய் லீக் கூடும், மூக்குத் தண்டும் புண்ணாகும். காலையில் ஆழமான தழும்பு இருந்தால் இறுக்கம் அதிகம், அல்லது அளவு தப்பு. மிகப் பெரிய சைஸ் வாங்கிவிட்டு இறுக்கிச் சமாளிக்கிறவர்கள் நிறையப் பேர்.

முதல் ராத்திரிகள். நேசல் மாஸ்க் போட்ட முதல் நாள் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாஸ்க்கைப் போட்டு, மெஷின் ஓட ஆரம்பித்ததும், மனைவியிடம் “லைட்டை அணைச்சிடு” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. மூக்கில் போன காற்று அத்தனையும் வாய் வழியாகப் புஸ்ஸென்று வெளியே கொட்டியது. பயந்துபோய் மாஸ்க்கைப் பிடுங்கிவிட்டேன். அதில் ஆபத்து எதுவும் இல்லை, நேசல் மாஸ்க்கின் இயல்பே அதுதான் என்று முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். வாயை மூடி, நாக்கின் நுனியை மேல் பற்களுக்குப் பின்னால் வைத்து, நாக்கு முழுவதையும் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் அந்தக் காற்று நின்றுவிடும். இதைப் பகலில் பத்துத் தடவை பழகிவிட்டால், தூக்கத்திலும் நாக்கு அங்கேயே போய் உட்காரும்.

பழகும் வழி படிப்படியாகத்தான். முதல் இரண்டு மூன்று நாள் மெஷின் இல்லாமல் மாஸ்க்கை மட்டும் கையால் முகத்தில் பிடித்து, பிறகு வாரைப் போட்டு, டிவி பார்த்துக்கொண்டு உட்காருங்கள். அடுத்து மெஷினை ஓடவிட்டு அரை மணி, ஒரு மணி நேரம் விழித்தபடியே இருங்கள். அதற்கப்புறம் மத்தியானத் தூக்கம் ஒன்று. பிறகு ராத்திரி முதல் மூன்று நான்கு மணி நேரம். அப்புறம் விடிய விடிய. படபடப்பு வந்தால் முந்தின படிக்குத் திரும்பலாம், வெட்கப்பட எதுவும் இல்லை. மெஷினில் ராம்ப் என்று ஒரு வசதி இருக்கும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும். அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிற வசதியும் உண்டு. டாக்டரிடமோ மெஷின் கொடுத்தவரிடமோ கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது 4 மணி நேரம் போட்டால் போதும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது அமெரிக்க இன்சூரன்ஸ்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு: 30 நாளில் 70 சதவீத இரவுகளாவது, இரவுக்கு 4 மணி நேரம். உடம்புக்கு அது போதாது. கனவு வரும் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். பலருக்கு அப்னியா மோசமாவதும் அந்தத் தூக்கத்தில்தான். மூன்று மணிக்குப் பாத்ரூம் போய்விட்டு வந்து மாஸ்க்கைப் போடாமல் படுத்தால், அதிகம் தேவைப்படும் நேரத்தைத் தவறவிடுகிறீர்கள். எழுந்து போகும்போது மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம். குழாயை மட்டும் கழற்றிவிட்டுப் போய் வந்து மாட்டிக்கொள்ளுங்கள்.

மூக்கடைப்பு என்னும் சுழல். இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். வாய் கொஞ்சம் திறக்கிறது. காற்று மூக்கில் நுழைந்து வாய் வழியாக ஓடிவிடுகிறது. ஒரே திசையில் ஓடும் அந்தக் காற்று மூக்கின் உள்சவ்வைக் காயவைக்கிறது. காய்ந்த சவ்வு வீங்குகிறது. மூக்கு அடைக்கிறது. அடைத்ததும் வாய் இன்னும் அகலமாகத் திறக்கிறது. மூன்று மணிக்கு “மூச்சு முட்டுது” என்று மாஸ்க்கை வீசி எறிகிறவர்களில் பலர் இந்தச் சுழலில் சிக்கியவர்கள்தான். அவர்கள் மாஸ்க்கைக் குற்றம் சொல்கிறார்கள்.

இதை அறுக்க முதல் கருவி சூடாகும் ஹ்யூமிடிஃபையர், அதாவது மெஷின் தரும் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி. சென்னையிலேயே காற்று ஈரமாகத்தானே இருக்கிறது, எதற்கு என்று அணைத்து வைத்திருப்பார்கள். ஏசி போட்ட அறையில் அந்த ஈரம் இருக்காது. இரண்டாவது, படுக்கும் முன் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. அதற்குக் குழாய்த் தண்ணீர் கூடாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரோ டிஸ்டில்டு தண்ணீரோதான். மூன்றாவது, தும்மலும் நீரொழுகலும் உள்ள அலர்ஜிக்காரர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே. அது ஒரே நாளில் வேலை செய்யாது, இரண்டு வாரமாவது விடாமல் அடிக்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் உடனடி மூக்கடைப்புச் சொட்டு மருந்தைத் தினமும் விட்டுக்கொள்ளாதீர்கள். சில நாளிலேயே அது மூக்கை இன்னும் மோசமாக அடைக்க வைத்துவிடும்.

இவ்வளவும் செய்து, மூன்று வாரம் ஆகியும் காலையில் வாய் பாலைவனமாகக் காய்ந்து எழுகிறீர்கள் என்றால், வாய் திறக்காமல் தாடையைத் தாங்கிப் பிடிக்கும் தாடைப் பட்டி போட்டுப் பார்க்கலாம். சிலருக்கு உதவும், சிலருக்கு உதட்டோரம் காற்று ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். வாயில் டேப் ஒட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. மூக்கு அடைத்துக்கொண்டாலோ வாந்தி வந்தாலோ என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூக்குத்தி. அக்காவுக்கு எட்டுக்கல் பேசரி. மாஸ்க் போட்ட முதல் நாளே இடது பக்கம் உஸ்ஸென்று லீக்.

“அக்கா, பேசரி குஷன் ஓரத்துல இடிக்குது. ராத்திரி மட்டும் கழட்டி வச்சிடேன்.”

“போடா. நாப்பது வருஷமா மூக்குல கெடக்கு. உங்க மாமா நல்லா இருக்கையில வெறும் மூக்கோட படுக்கச் சொல்றியா?”

அதற்கு மேல் பேச முடியாது, பேசவும் கூடாது. குமிழ் வகை மாஸ்க்கின் குஷன் மூக்கின் மடலுக்கு வெளியே, கன்னத்தோடு சேர்கிற இடத்தில்தான் உட்கார வேண்டும். சரியான அகலம் இருந்தால் சின்ன மூக்குத்தி குமிழுக்கு உள்ளேயே அடங்கிவிடும். அக்கா படுக்கும்போது பேசரியை எடுத்துவிட்டு ஒற்றைக்கல் மூக்குத்தி ஒன்றைப் போட்டுக்கொள்கிறாள். குஷனும் ஒரு சைஸ் அகலமாக மாற்றினோம். உஸ் சத்தம் நின்றது. பில்லோ வாங்கியிருந்தால் அது துவாரத்துக்குள் இருக்கும் திருகாணியில் நேராகப் போய் இடித்திருக்கும்.

இன்னொன்றையும் அக்காவிடம்தான் கற்றுக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் பின் வார் வழுக்கிக் கழுத்துக்கு இறங்கிவிடும். எண்ணெய் சிலிகானையும் கெடுக்கும். அவள் இப்போது காலையில் குளித்ததும் எண்ணெய் வைக்கிறாள். ராத்திரி கொண்டையை அவிழ்த்துத் தளர்வாகப் பின்னிக்கொள்கிறாள், பின் வார் அந்தப் பின்னலுக்கு மேலே நிற்கிறது.

## நேசல் பில்லோ

இரண்டு சின்ன சிலிகான் குமிழ்கள், துவாரத்தின் வாயிலில் உட்காரும். ஏர்ஃபிட் பி10 இதில் பரவலாகத் தெரிந்த மாடல். முகத்தில் இருப்பதே தெரியாது. கண்ணாடி போடலாம், படுத்துக்கொண்டு போன் பார்க்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். முகம் மூடினாலே பயம் என்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு.

மீசைக்காரர்களுக்கும். எங்கள் தெருவில் லாரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர். அடர்ந்த மீசை, அதைக் கத்தரிக்கச் சொல்வது நடக்காத காரியம். அவருக்குக் குமிழ் மாஸ்க்கின் கீழ் ஓரம் மீசை மேல் உட்கார்ந்தது. முடிகளுக்கு நடுவே காற்று கண்ணை நோக்கி அடித்து, காலையில் கண் சிவந்து நிற்பார். ராத்திரி ஒழுங்காகத் தூங்காதவர் பகலில் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் இதை விட்டுவைக்க முடியவில்லை. அவருடைய அழுத்தம் 9. பில்லோவுக்கு மாறியதும் லீக் நின்றது. பில்லோ மீசைக்கு மேலே, துவாரத்தோடு முடிந்துவிடுகிறது.

குறை எங்கே? அழுத்தக் காற்று மொத்தமும் இரண்டு சின்னத் துவாரம் வழியாகப் பீச்சியடிப்பதால் அழுத்தம் கூடக் கூட எரிச்சலும் கூடும். முதல் இரண்டு வாரம் துவாரத்தின் விளிம்பு புண்ணாவது சகஜம். சைஸ் சின்னதாக இருந்தால் அது உள்ளே நுழைந்து உராயும். பெரியதாக இருந்தால் நிற்காது. துவாரத்தின் வாயிலில் உட்கார வேண்டும், உள்ளே புதைந்துவிடக் கூடாது. தண்ணீர் அடிப்படையிலான ஜெல் தடவலாம். வாஸ்லின் போன்ற பெட்ரோலியப் பொருள் வேண்டாம், சிலிகான் பாழாகும். மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிறவர்கள் பில்லோவைத் தவிர்ப்பது நல்லது. வாய் லீக் விஷயத்தில் நேசல் மாஸ்க்குக்கு உள்ள அத்தனை சிக்கலும் இதற்கும் உண்டு.

## ஃபுல் ஃபேஸ் மாஸ்க்

பெயர்தான் ஃபுல் ஃபேஸ். உண்மையில் மூக்கையும் வாயையும் மட்டும் சேர்த்து மூடுவது. ஏர்ஃபிட் எஃப்20, ஃபிஷர் அண்ட் பைக்கலின் சிம்ப்ளஸ் போன்றவை. மூக்குத் தண்டில் ஏறாமல் கீழிருந்து மட்டும் மூடுகிற வகையும் இப்போது வருகிறது.

நான் முதலில் வாங்கியது இதைத்தான். மெஷின் கொடுத்த கடையில் ஒரே கேள்வி கேட்டார்கள்: “வாய் திறந்து தூங்குவீங்களா?” ஆமாம் என்றேன். “அப்ப ஃபுல் ஃபேஸ்தான்.” மூக்கைப் பார்க்கவில்லை, படுக்கச் சொல்லவில்லை. இரண்டு மாதம் பாடுபட்டேன். 11-இல் இருந்த அழுத்தத்தில், புரண்டு படுத்தால் தாடைப் பக்கம் லீக். அதை நிறுத்த இறுக்கினால் மூக்குத் தண்டில் புண். நேசலுக்கு மாறிய பிறகுதான் ஏ.எச்.ஐ., அதாவது ஒரு மணி நேரத்தில் மூச்சு தடைபடும் எண்ணிக்கை, எனக்கு 5-க்குக் கீழே வந்தது.

ஏன் அப்படி? வாயிலும் மூக்கிலும் ஒரே அழுத்தம் போகும்போது நாக்கையும் அண்ணத்தையும் முன்னால் தள்ளுகிற விசை குறைந்துவிடுகிறது. போதாததற்குக் கீழ் வார்கள் தாடையைப் பின்னால் இழுக்கின்றன, தாடையோடு நாக்கும் பின்னால் போகிறது. அதனால் பலருக்கு ஃபுல் ஃபேஸில் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது, மிச்சமிருக்கும் அப்னியாவும் அதிகமாக இருக்கிறது. நேசல் போட்டுக்கொண்டு படுத்த ஸ்லீப் லேபில் நிர்ணயித்த அழுத்தத்தை, ஃபுல் ஃபேஸ் வாங்கி அப்படியே ஓட்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஆனால் சிலருக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை, அவர்கள் தயங்காமல் இதை வாங்க வேண்டும். மூக்கு நடுத்தண்டு நன்றாக வளைந்தோ மூக்கில் சதை வளர்ந்தோ நிரந்தர அடைப்பு இருப்பவர்கள், அறுவைச் சிகிச்சை முடியும் வரையாவது. பக்கவாதத்தால் ஒரு பக்க உதடு மூடாதவர்கள். நேசல் போட்டு, மூக்கைக் கவனித்து, தாடைப் பட்டியும் போட்டுப் பார்த்த பிறகும் வாய் லீக் நிற்காதவர்கள். கடும் சளிப் பிடித்த வாரத்துக்கு மட்டும் மாற்று மாஸ்க்காக வைத்திருப்பவர்களும் உண்டு, வசதி இருந்தால் அது நல்ல ஏற்பாடு.

ஒரு எச்சரிக்கை. தானே கையால் மாஸ்க்கைக் கழற்ற முடியாதவருக்கும், அடிக்கடி வாந்தி வருகிறவருக்கும் டாக்டரைக் கேட்காமல் ஃபுல் ஃபேஸ் போடக் கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் இருக்கிறது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நேசல் மாஸ்க் | நேசல் பில்லோ | ஃபுல் ஃபேஸ் |
|---|---|---|---|
| மூக்கு அடைப்பு | அடைப்பைச் சரிசெய்தால் போதும் | இதற்கும் அதேதான் | அடைப்பு இருந்தாலும் ஓடும் |
| வாய் திறந்தால் | காற்று வெளியேறும் | காற்று வெளியேறும் | பாதிப்பு குறைவு |
| அதிக அழுத்தம் | தாங்கும் | எரிச்சல் | தாங்கும், லீக் கூடலாம் |
| அடர்ந்த மீசை, தாடி | மீசை இடிக்கலாம் | நல்லது | தாடி இருந்தால் கஷ்டம் |
| மூக்குத்தி | சின்னது என்றால் சரி | திருகாணி இடிக்கும் | சின்னது என்றால் சரி |
| ஒருக்களித்துப் படுக்க | பரவாயில்லை | மிகச் சுலபம் | நகர்ந்துவிடும் |
| முகம் மூடும் பயம் | கொஞ்சம் | மிகக் குறைவு | அதிகம் |
| கரண்ட் போனால் | வாயால் மூச்சு விடலாம் | வாயால் மூச்சு விடலாம் | வால்வு திறக்கும் |

கடைசி வரியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஃபுல் ஃபேஸில் மூக்கும் வாயும் இரண்டுமே மூடியிருப்பதால், மெஷின் நின்றால் வெளிக்காற்றை உள்ளே விட ஒரு சின்ன வால்வு வைத்திருப்பார்கள். மாஸ்க்கைக் கழுவி மாட்டும்போது அந்த மடல் ஒட்டிக்கொள்ளாமல் அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள். அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் மெஷினை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். அந்த நேரத்தில் ஹ்யூமிடிஃபையரை அணைத்தால் பேட்டரி நன்றாகத் தாங்கும்.

## பில்லில் தெரியாத செலவுகள்

மூன்று வகையிலும் கரைகிற பணம் குஷனில்தான். சிலிகான் முகத்தின் எண்ணெயில் நாளாக நாளாக மழமழவென்று ஆகி, மெத்தென்ற தன்மை போய்விடும். அப்போது லீக் வரும். லீக் வந்ததும் மாஸ்க்கே போய்விட்டது என்று முழு செட்டையும் புதிதாக வாங்குகிறார்கள். குஷன் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். அதனால் வாங்கும்போதே “இந்த மாடலுக்குக் குஷன் மட்டும் கிடைக்குமா, என்ன விலை?” என்று கேட்டு, அந்த விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஃபுல் ஃபேஸ் குஷன் பெரியது, மூன்றில் பொதுவாக விலை கூடியதும் அதுதான். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் இந்தச் செலவை ஏற்பதில்லை. உங்கள் பாலிசியை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

குஷனைத் தினமும் காலையில் மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். டெட்டால், ஸ்பிரிட், மொட்டை மாடி வெயில் மூன்றும் அதன் ஆயுளைக் குறைக்கும். முகம் கழுவிய பிறகே மாஸ்க் போடுங்கள். ராத்திரி முகத்தில் க்ரீம் தடவுகிறவர்களுக்குத்தான் குஷன் சீக்கிரம் போகிறது.

பாயில் படுக்கிறவர்களுக்கு ஒன்று. மெஷினை ஸ்டூல் மேலோ அலமாரியிலோ வைத்துவிட்டுக் கீழே படுக்காதீர்கள். குழாயில் குளிர்ந்து சேரும் தண்ணீர் சரிந்து நேராக மூக்குக்குள் வரும். மெஷின் தலை மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். ஏசி காற்று நேராகக் குழாயில் படுகிறதென்றால் குழாய்க்குத் துணியில் ஓர் உறை தைத்துப் போடுங்கள். பழைய காட்டன் புடவையே போதும்.

பணம் மிச்சம் என்று ஆஸ்பத்திரியில் இருந்தபோது பயன்படுத்திய மாஸ்க்கை வீட்டுக்கு எடுத்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வென்டிலேட்டரோடு மாட்டும் மாஸ்க்குகள் சிலவற்றில் மூச்சை வெளியேற்றும் சின்ன ஓட்டைகள் இருக்காது. வளைவுக் குழாய் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். வீட்டு சிபேப் மெஷினில் அதை மாட்டவே கூடாது, விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீர்கள். உங்கள் மாஸ்க்கில் அந்த ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். அந்த இடத்தில் காற்று வருவது லீக் இல்லை, அதைப் போர்வையால் மூடவும் கூடாது.

காந்தக் கிளிப் உள்ள மாடல்களில் இன்னொரு கவனம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், தலையிலோ கண்ணிலோ உலோக க்ளிப் வைத்தவர்களும் காந்தம் இல்லாத மாடலைக் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் இது பொருந்தும். கம்பெனிகளே இந்த எச்சரிக்கையை வெளியிட்டிருக்கின்றன.

## மாற்றலாமா, வேண்டாமா?

நேசல் போட்டு ஒரு வாரம்கூட ஆகாதவருக்கு என் பதில்: மாற்ற வேண்டாம். மூக்கு, ஹ்யூமிடிஃபையர், சைஸ், வார் நான்கையும் வரிசையாகச் சரிபார்த்து மூன்று வாரம் கொடுங்கள். பகலில் விழித்தபடி பழகும் படிகளைத் தாண்டிக் குதித்தவர்கள் திரும்ப அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

மூன்று வாரம் கழித்தும் மீசைப் பக்கம் லீக், மூக்குத் தண்டில் புண், முகம் மூடும் பயம் என்றால், அழுத்தம் 12-க்குள் இருந்தால் பில்லோவைப் பாருங்கள். அழுத்தம் அதற்கு மேல் என்றால், குமிழ் வகை அளவுக்கு உறுதியாக உட்காராவிட்டாலும், மூக்குக்குக் கீழ் ஏந்தும் தொட்டில் வகை. மூக்கே திறக்கவில்லை, வாய் மூடவே இல்லை என்றால் மட்டும் ஃபுல் ஃபேஸ். வயிறு உப்பி, காலையில் ஏப்பமாக வருகிறது என்பது காற்றை விழுங்குவதால். அதற்கு மாஸ்க்கை மாற்றுவதைவிட அழுத்தத்தைப் பற்றி டாக்டரிடம் பேசுவதுதான் பயன் தரும்.

ஃபுல் ஃபேஸில் ஏற்கனவே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டு நேசலுக்கு ஓட வேண்டாம். ஏ.எச்.ஐ. 5-க்குக் கீழே, பகலில் தூக்கக் கலக்கம் இல்லை என்றால் உங்கள் மாஸ்க் உங்களுக்குச் சரி.

வாங்கும் கடையில் படுத்துப் பார்க்க ஓர் இடம் கேளுங்கள். உங்கள் அழுத்தத்திலேயே மெஷினை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் புரண்டு பத்து நிமிடமாவது இருங்கள். சைஸ் சரியில்லை என்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எந்த வகைக்கு மாறினாலும், மாறிய முதல் இரண்டு வாரத்தின் ஏ.எச்.ஐ. கணக்கையும் லீக் கணக்கையும் மெஷினிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ரெஸ்மெட் மெஷின் என்றால் லீக் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனால், பழைய அழுத்தம் புதிய மாஸ்க்குக்கும் பொருந்துகிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.